நாணயச் சங்கம்: தமிழ்நாட்டுக் கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கம் வளர்ந்ததும் வழுக்கியதும் (நிகழ்வு ஆய்வு)

கூட்டுறவுக் கடன் சங்கத்தைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் நெடுங்காலம் நாணயச் சங்கம் என்றுதான் சொன்னார்கள். ‘ஐக்கிய நாணய சங்கம்’ என்று பலகை மாட்டிய காலமும் உண்டு. நாணயம் என்றால் காசு. வாக்குத் தவறாமைக்கும் அதே பெயர்தான். இரண்டாவதை ஈடாக வாங்கிக்கொண்டு முதலாவதைக் கையில் கொடுப்பதே இந்தச் சங்கத்தின் தொழில். பெயர் வைத்தவர்கள் தொழிலைத் தெரிந்தே வைத்திருக்கிறார்கள்.

120 ஆண்டுகளில் இந்த அமைப்பு பலமுறை வளர்ந்திருக்கிறது, பலமுறை நொடித்திருக்கிறது. இரண்டுக்கும் காரணம் தேடிப் போனால் கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறோம்: பெட்டியில் புழங்குவது யார் பணம்? உறுப்பினர் போட்ட பணமாக இருந்தபோது கடன் கேட்டவனை ஊரே எடைபோட்டது, வசூலுக்கும் ஊரே நின்றது. மேலிருந்து வந்த பணமாக மாறியபோது சங்கம் பணத்தைக் கடத்திவிடும் வாய்க்காலாகிவிட்டது. கீழே வரும் விவரங்களை இந்தக் கேள்வியோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

சட்டத்துக்கு முன்னால்

கூட்டாகப் பணம் சேர்த்துச் சுழற்றுவதைச் சென்னை மாகாணத்துக்கு யாரும் வெளியிலிருந்து வந்து கற்றுக்கொடுக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே ‘நிதி’ எனப்படும் சேமிப்பு-கடன் அமைப்புகள் இங்கே கிளம்பிவிட்டன. மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872இல் தொடங்கியது. மாதாமாதம் சந்தா கட்டி, சேர்ந்த தொகையிலிருந்து கடன் வாங்குவது நகரத்துச் சம்பளக்காரருக்குப் பழகிப்போயிருந்தது. வானத்தைப் பார்த்து விதைக்கும் குடியானவனுக்கு அது ஒத்துவரவில்லை. அவனிடம் மாதச் சந்தா கட்ட மாத வருமானம் கிடையாது.

இதற்கு வழி காண 1892இல் சென்னை அரசு, ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பிய விவசாய வங்கிகளை ஆராயச் சொன்னது. அவருடைய அறிக்கை 1895இலும் 1897இலும் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. ஜெர்மனியில் ரைஃபைசன் நடத்திய கிராமக் கடன் சங்கங்களை வைத்து அவர் சொன்ன முடிவு ஒரே வரி: ‘ரைஃபைசனைத் தேடிப் பிடியுங்கள்.’ அந்த முறையில் எல்லை ஒரு கிராமம்தான். ஒருவரையொருவர் அறிந்தவர்களே உறுப்பினர். நிர்வாகிகளுக்குச் சம்பளம் இல்லை. சங்கத்துக்கு இழப்பு வந்தால் ஒவ்வொரு உறுப்பினரின் முழுச் சொத்தும் அதற்குப் பொறுப்பு. கடைசியாகச் சொன்ன இந்த வரம்பற்ற பொறுப்புதான் முழு ஏற்பாட்டுக்கும் ஆணிவேர். பக்கத்து வீட்டுக்காரன் வாங்கும் கடனுக்கு என் நிலமும் பிணை என்றால், அவன் எதற்கு வாங்குகிறான் என்று நான் கேட்காமல் இருக்க முடியாது.

திரூரும் காஞ்சிபுரமும்

1904 மார்ச் 25 அன்று கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. 18 வயது நிரம்பிய 10 பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்யலாம். கிராமச் சங்கமென்றால் உறுப்பினரில் ஐந்தில் நான்கு பங்கினர் உழவர்களாக இருக்க வேண்டும், பொறுப்பு வரம்பற்றது, லாபம் உறுப்பினர்களுக்குப் பங்காதாயமாகப் பிரியாமல் சேமநிதிக்குப் போக வேண்டும். கணக்கை ஆண்டுதோறும் பதிவாளர் தணிக்கை செய்வார். நகரச் சங்கத்துக்கு விதிகள் தளர்வாக இருந்தன.

அந்த ஆண்டே திருவள்ளூரை அடுத்த திரூரில் கிராமக் கடன் சங்கம் பதிவானது. அக்டோபரில் காஞ்சிபுரத்தில் பதிவான சங்கம்தான் நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம். முதல் கிராமச் சங்கம் எது என்பதில், 1905இல் பதிவான கர்நாடகத்தின் கணகினஹாளும் உரிமை கோருகிறது. யார் முந்தி என்பது இந்த ஆய்வுக்குப் பெரிதில்லை. 1905இலேயே சென்னை மத்திய நகர வங்கி உருவானது என்பதுதான் பெரிது. இன்றைய தமிழ்நாடு மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கியின் தொடக்கம் அதுதான். நகரத்துச் சேமிப்பைத் திரட்டி, தனியாகப் பணம் திரட்ட முடியாத கிராமச் சங்கங்களுக்குக் கொடுக்க அது பிறந்தது. கிராமச் சங்கம் வேர் விடுவதற்குள்ளேயே வெளிப்பணம் வரும் குழாய் போட்டாகிவிட்டது. அன்றைக்கு அது தேவையாகவும் இருந்தது. பின்னால் வந்த சிக்கலின் முதல் இழையும் அதிலேயே இருக்கிறது.

1906இல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி என்ற தனியார் வங்கி விழுந்து டெபாசிட் போட்டவர்கள் தவித்தார்கள். 1913–14 நெருக்கடியில் நாடெங்கும் 57 கூட்டுப்பங்கு வங்கிகள் சரிந்தபோது, பணம் அவற்றைவிட்டுக் கூட்டுறவு நகர வங்கிகளுக்கு வந்தது. பெரிய கட்டடத்தைவிட, ஆள் தெரிந்த சங்கமே பாதுகாப்பு என்று அன்றைய சேமிப்பாளர்கள் நினைத்தார்கள்.

தம்பிடிக் கணக்கு

அன்றைய வட்டி விகிதங்களை இன்று படித்தால் 6¼, 9⅜ என்று விசித்திரமாக இருக்கும். ஊர்க்கணக்கில் வைத்தால் விளங்கிவிடும். 12 தம்பிடி ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். ஆக ஒரு ரூபாய்க்கு 192 தம்பிடி. ரூபாய்க்கு மாதம் 1 தம்பிடி வட்டி என்றால் ஆண்டுக்கு 12 தம்பிடி, அதாவது நூற்றுக்கு 6¼. ஒன்றரைத் தம்பிடி என்றால் 9⅜. எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினரும் தன் வட்டியை விரல்விட்டு எண்ணிவிடலாம். லேவாதேவிக்காரரின் ‘நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி’ மாதக்கணக்கு. ஆண்டுக்கு 24 ஆகிறது. இரண்டையும் ஒரே மூச்சில் ஒப்பிட முடிந்ததே சங்கத்துக்குப் பெரிய விளம்பரம்.

முதல் பெரிய அடி

1929க்குப் பின் வந்த மந்தத்தில் நெல் விலை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. கடன் ரூபாயில் நின்றது, விளைச்சலின் மதிப்பு கரைந்தது. 10 மூட்டை விற்றுக் கட்ட வேண்டிய கடனுக்கு 20 மூட்டை போட வேண்டியதாயிற்று.

விலைச் சரிவு மட்டும் சங்கங்களைச் சாய்க்கவில்லை. அதற்கு முன்பே ஒரு தவறு நடந்திருந்தது. பழைய கடன் அடைக்க, நிலம் வாங்க, கிணறு வெட்ட என்று பல ஆண்டுத் தேவைகளுக்கெல்லாம் ஓராண்டு, ஈராண்டு டெபாசிட் பணத்தை எடுத்துக் கொடுத்திருந்தார்கள். டெபாசிட்காரர் கேட்கும்போது பணம் கிணற்றுக்குள் இருந்தது. இதைப் புரிந்துகொண்டுதான் நீண்டகாலக் கடனைத் தனியே பிரித்து, 1929இல் சென்னைக் கூட்டுறவு மத்திய நிலஅடமான வங்கி அமைத்தார்கள். அது நீண்டகாலக் கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டியது. கடனின் ஆயுளும் அதற்கு ஆதாரமான பணத்தின் ஆயுளும் பொருந்த வேண்டும் என்ற பாடம் இன்றைய சங்கத்துக்கும் அப்படியே பொருந்தும். ஆறு மாத டெபாசிட்டை வைத்து ஐந்தாண்டுக் கடன் கொடுத்தால் வசூல் ஒழுங்காக இருந்தாலும் கைமுடை வரும்.

வரம்பற்ற பொறுப்பின் மறுபக்கமும் அப்போதுதான் தெரிந்தது. கலைக்கப்பட்ட சங்கங்களில் கடன் வாங்காதவரும் பணம் கட்ட நேர்ந்தது. வசதியுள்ள உறுப்பினர் முதலில் விலகினார். அவரோடு டெபாசிட்டும் விலகியது. காலப்போக்கில் வரம்புள்ள பொறுப்பே நடைமுறையானது. பக்கத்து வீட்டுக்காரன் கடன் எனக்குக் கவலை தரும் ஏற்பாடு அத்தோடு போயிற்று. அதன் இடத்தில் வேறு காவல் எதுவும் வைக்கப்படவில்லை.

3.1 சதவீதம்

1951–52இல் ரிசர்வ் வங்கி எடுத்த அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வு, உழவர் வாங்கிய கடனில் கூட்டுறவின் பங்கு 3.1 சதவீதமே என்று காட்டியது. லேவாதேவிக்காரர்கள் பங்கு 70 சதவீதத்தை ஒட்டியிருந்தது. அரை நூற்றாண்டு உழைப்புக்குக் கிடைத்த மதிப்பெண் இது. ‘கூட்டுறவு தோற்றுவிட்டது, ஆனால் கூட்டுறவு வென்றாக வேண்டும்’ என்பது அந்த ஆய்வை நடத்திய கோர்வாலா குழுவின் புகழ்பெற்ற முடிவு. மருந்தாக அரசே பங்கு முதலீடு செய்யும், சங்கங்கள் பெரிதாகும், கொடுத்த கடனுக்கு ஈடாக ரிசர்வ் வங்கியிலிருந்து மறுநிதி வரும் என்றார்கள். மறுநிதிப் பொறுப்பு 1982இல் வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டுக்கு மாறியது.

வளர்ச்சி உண்மையாகவே வந்தது. உரம், விதை, ரேஷன் கடை, நகைக்கடன் என்று சங்கம் ஊரின் மையமானது. இன்று தமிழ்நாட்டில் 4,400க்கு மேற்பட்ட தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு மேலே மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிகள், உச்சியில் மாநிலத் தலைமை வங்கி. வங்கிக் கிளை எட்டாத ஊரிலும் சங்கத்துக் கதவு திறந்திருக்கிறது. சிறு உழவர் லேவாதேவிக்காரர் வாசலை மிதிக்காமல் உரம் வாங்க முடிகிறதென்றால் அது இந்த வளர்ச்சியால்தான். குறைகளைச் சொல்லும்போது இதை மறந்துவிடக் கூடாது. ஆனால் பெட்டியில் புழங்கும் பணத்தில் பெரும்பகுதி மேலிருந்து வருவதானது.

ஒரு பயிர்க்கடனின் ஓராண்டு

உறுப்பினர் முதலில் பங்குத்தொகை கட்டி ‘அ’ வகுப்பு உறுப்பினராகிறார். ஓட்டுரிமை அதோடு வருகிறது. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓர் ஓட்டுதான். கடன் மனுவோடு சிட்டாவும், கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலும் வேண்டும். சிட்டா நிலம் யாருடையது என்று சொல்லும். அடங்கல் அதில் என்ன பயிர், எத்தனை ஏக்கர் என்று சொல்லும். ஏக்கருக்கு எவ்வளவு என்பதை மாவட்ட அளவிலான தொழில்நுட்பக் குழு ஆண்டுதோறும் பயிர்வாரியாக நிர்ணயிக்கிறது. ஏக்கரை அதனால் பெருக்கினால் கடன் அளவு கிடைக்கும். ஒரு பகுதி ரொக்கமாகவும் ஒரு பகுதி உரமாகவும் போகும்.

தவணைத் தேதிக்குள் கட்டினால் உழவருக்கு வட்டி இல்லை. தமிழ்நாட்டில் 2009 முதல் இதுதான் நடைமுறை. அந்த வட்டியை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. தேதி தவறினால் சலுகை போய்விடும், தண்ட வட்டியும் ஏறும். ஒரு நாள் தாமதமும் தாமதம்தான். அறுவடைப் பணம் கைக்கு வரும் மாதத்துக்கு முன்னால் தவணைத் தேதி விழுந்தால் நல்ல உறுப்பினரும் தவறுவார். மனு எழுதும்போதே பயிரின் காலத்தையும் விற்கும் காலத்தையும் பார்த்துத் தேதி வைக்கும் செயலாளர், பின்னால் நோட்டீஸ் அனுப்பும் வேலையில் பாதியை மிச்சப்படுத்துகிறார்.

தவறு நுழையும் இடம் பெரும்பாலும் அடங்கல். நஞ்சையில் கரும்பு என்று எழுதியிருக்கும், வயலில் நெல் நிற்கும். கரும்புக்குக் கடன் அளவு கூடுதல். குத்தகைக்கு உழுபவருக்குச் சிட்டா கிடையாது. நிலக்காரர் பெயரில் கடன் வாங்கி யாரோ பயன்படுத்துவார்கள். வயலைப் போய்ப் பார்க்காமல் காகிதத்தை மட்டும் பார்த்துக் கொடுத்த கடன், வசூலின்போது ‘நான் வாங்கவே இல்லை’ என்ற பதிலோடு திரும்பி வரும்.

பள்ளம் எப்படி விழுகிறது

சங்கங்கள் நொடிக்கும்போது எல்லோரும் மோசடியைத் தேடுகிறார்கள். மோசடியே இல்லாமலும் சங்கம் நொடிக்கும். அது எப்படி என்பதை ஒரு கணக்குப் போட்டால்தான் புரியும். கீழுள்ள எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை.

சங்கம் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியிடம் 8 சதவீதத்துக்கு 100 லட்சம் வாங்கி, உறுப்பினர்களுக்கு 10 சதவீதத்துக்குக் கொடுக்கிறது. ஆண்டு முடிவில் 60 லட்சம் அசலும் அதற்குரிய 6 லட்சம் வட்டியும் வசூலாகிறது. மொத்தம் 66. ஊழியர் சம்பளம், வாடகை, மின்கட்டணம் 4 லட்சம் போக 62 லட்சத்தை வங்கிக்குச் செலுத்துகிறது. வங்கி முதலில் 100 லட்சத்துக்கும் சேர்த்து 8 லட்சம் வட்டியை எடுத்துக்கொள்ளும். மீதி 54 லட்சத்தைத்தான் அசலில் கழிக்கும். இப்போது வங்கிக்குச் சங்கம் தர வேண்டியது 46 லட்சம். உறுப்பினர் சங்கத்துக்குத் தர வேண்டிய அசல் 40 லட்சம். நடுவில் 6 லட்சம் பள்ளம். கட்டாதவர்களின் நிலுவை வட்டி 4 லட்சத்தையும் வரும் என்று நம்பிச் சேர்த்தாலும் 2 லட்சம் குறைகிறது. கடைசி உறுப்பினர் கடைசிக் காசு வரை கட்டினாலும் சங்கம் வங்கிக்கடனை முழுதாக அடைக்க முடியாது.

யாரும் திருடவில்லை. வசூல் குறைந்தது, செலவு நிற்கவில்லை, வட்டிக்கு முதல் உரிமை வங்கிக்கு; அவ்வளவுதான். அடுத்த ஆண்டு வங்கி தண்ட வட்டியும் போடும், பள்ளம் அகலும். வசூல் முழுமையாக இருந்திருந்தாலே வட்டி வித்தியாசம் 2 லட்சம்தான், செலவோ 4 லட்சம் என்பதையும் கவனிக்க வேண்டும். பயிர்க்கடனை மட்டும் நம்பி எந்தச் சங்கமும் சம்பளம் போட முடியாது.

பள்ளத்தை மூடச் சங்கங்கள் கையை வைக்கும் முதல் இடம் உறுப்பினர் டெபாசிட். இன்று முதிர்ந்த டெபாசிட்டை நேற்று வந்த டெபாசிட்டால் கொடுப்பார்கள். ‘அடுத்த வாரம் வாங்க’ என்ற பதில் வாசலில் கேட்கத் தொடங்கினால் நோய் முற்றிவிட்டது என்று பொருள். 2004இல் அமைக்கப்பட்ட வைத்தியநாதன் குழு, சேர்ந்துபோன இழப்பை ஒருமுறை துடைத்துவிட்டுச் சங்கங்களைச் சுதந்திரமாக நடக்கவிடச் சொன்னது இதனால்தான். பணம் வந்தது, பொதுவான கணக்குமுறையும் வந்தது. சுதந்திரம் என்ற பகுதி மட்டும் முழுதாக வரவில்லை.

மார்ச் 31 மாலை

வசூல் விகிதம் மார்ச் கடைசியில் பளிச்சென்று ஏறி, ஏப்ரல் முதல் வாரத்தில் அதே பெயர்களுக்கு அதே அளவில் புதுக்கடன் எழுதப்பட்டிருந்தால், அது வசூல் அல்ல, புத்தகச் சரிக்கட்டல். ரொக்கம் உண்மையில் கைமாறுவதில்லை. அல்லது சில நாளுக்குக் கைமாற்று வாங்கிக் கட்டிவிட்டு, புதுக்கடன் வந்ததும் திருப்பிக் கொடுப்பார்கள். கைமாற்றுக்கு ஊரில் தனி வட்டி. கண்டுபிடிக்க வழி எளிது: மார்ச் கடைசி 10 நாள் வரவுகளையும் ஏப்ரல் முதல் 15 நாள் பற்றுகளையும் பெயர்வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். அன்றாட வரவு-செலவுப் புத்தகத்தின் ரொக்க இருப்பும் உதவும். ஒரே நாளில் வரவும் பற்றும் லட்சக்கணக்கில் இருக்க, இருப்பு மட்டும் அசையாமல் நின்றால் பணம் காகிதத்தில்தான் போய்வந்திருக்கிறது.

நல்ல மழை இல்லாத ஆண்டில் நேர்மையான உறுப்பினரும் இதற்குத் தள்ளப்படுகிறார் என்பதுதான் வருத்தம். வறட்சி அறிவிக்கப்பட்ட பகுதியில் குறுகியகாலக் கடனை மத்தியகாலக் கடனாக மாற்றித் தவணை நீட்ட விதியே இருக்கிறது. அதைக் கேட்டு எழுதும் சங்கம் உண்மையைக் கணக்கில் காட்டுகிறது. சரிக்கட்டும் சங்கம் மறைக்கிறது.

நகைக்கடன்: சங்கத்தின் தூண்

சம்பளத்தைத் தாங்குவது பெரும்பாலும் நகைக்கடன் வட்டிதான். ஈடு கைக்குள் இருக்கிறது, அடங்கல் வேண்டாம், அரை மணி நேரத்தில் பணம். அதனாலேயே கவனம் தளரும் இடமும் இதுதான்.

முறையாக நடந்தால் இப்படி நடக்கும். மதிப்பீட்டாளர் நகையை உரைகல்லில் தேய்த்துக் கீற்றின் நிறம் பார்த்து, அதன்மேல் அமிலம் வைத்துச் சோதிக்கிறார். மேல்முலாம் ஏமாற்றும் என்பதால் ஒரே இடத்தில் தேய்த்து நிறுத்தக் கூடாது; கொக்கி, திருகாணி, பற்றவைத்த இணைப்பு ஆகியவற்றிலும் பார்க்க வேண்டும். கல், அரக்கு, நூல் எடையைக் கழித்து நிகர எடை எழுதப்படுகிறது. உறுப்பினர் கண்முன்னே நகை துணிப்பையில் போய், கடன் எண் எழுதிய சீட்டுக் கட்டி அரக்கு முத்திரை விழுகிறது. பெட்டகத்துக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம். இரண்டு சாவியும் ஒரே மேசை இழுப்பறையில் கிடக்கும் சங்கத்தில் மற்ற எல்லா விதியும் வெறும் காகிதம்.

கெடுவது மூன்று வகையில். கவரிங் நகை தங்கமாக எழுதப்படுவது ஒன்று. நகையே இல்லாமல் கடன் எழுதப்படுவது இரண்டு. பை இருக்கும், உள்ளே பொருள் இருக்காது. மூன்றாவது, அடகில் இருக்கும் நகையை எடுத்து வேறிடத்தில் மறுஅடகு வைப்பது. மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான்: முன்னறிவிப்பில்லாமல், வேறு மதிப்பீட்டாளரைக் கூட்டிவந்து, பைகளைத் திறந்து எடைபோடுவது. எண்ணிக்கை மட்டும் பார்த்துவிட்டு ‘சரி’ என்று கையெழுத்திடும் சரிபார்ப்பால் பயனில்லை.

விலை இறங்கும் ஆபத்தும் உண்டு. 100 ரூபாய் நகைக்கு 75 கொடுத்து, வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். ஓராண்டில் நிலுவை 82.50, ஈராண்டில் 90. அதற்குள் தங்கம் 15 சதவீதம் இறங்கினால் நகை மதிப்பு 85. ஓராண்டுக் கடன் தப்பிக்கும், ஈராண்டுக் கடன் முங்கிவிடும். 2013இல் தங்கம் சட்டென்று இறங்கியபோது, ஏலத்தைத் தள்ளிப்போட்டவர்கள்தான் கையைச் சுட்டுக்கொண்டார்கள். தவணை முடிந்ததும் நோட்டீஸ், பிறகு விளம்பரம், பிறகு ஏலம் என்ற வரிசையைத் தாட்சண்யத்துக்காக நிறுத்தினால் கடைசியில் நகைக்காரருக்கும் மிச்சம் எதுவும் கிடைக்காது.

தள்ளுபடி

தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடன் 2006இல் ஏறத்தாழ 7,000 கோடி ரூபாயும், 2016இல் சிறு, குறு உழவருக்கு மட்டும் 5,318.73 கோடியும், 2021இல் 16.43 லட்சம் உழவருக்கு 12,110 கோடியும் தள்ளுபடியாயிற்று. 2021 நவம்பரில் 40 கிராம் வரையிலான நகைக்கடன் தள்ளுபடிக்கும் அரசாணை வந்தது. அதற்காகக் கடன்களை ஆராய்ந்தபோதுதான் ஒருவரே பல சங்கங்களில் எழுதிய கடன்களும் போலி நகைகளும் வெளிப்பட்டன. வழக்கமான தணிக்கை கண்டிருக்க வேண்டியவை அவை.

வறட்சியில் வாடிய உழவருக்குத் தள்ளுபடி உயிர்ப்பிச்சை. இதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. சங்கத்துக்கு அது வேறு மாதிரி இறங்குகிறது. அரசு தரவேண்டிய தொகை ஒரே நாளில் வராமல் தவணைகளாக வரும். அதுவரை சங்கம் வங்கிக்குக் கடன்காரன். அதைவிடப் பெரிய சேதம் ஒழுங்காகக் கட்டியவர் மனத்தில். போன மாதம் நகையை வைத்துப் பயிர்க்கடனை அடைத்தவர், கட்டாதவருக்குக் கிடைத்ததைப் பார்க்கிறார். அடுத்த தேர்தலுக்கு ஓராண்டு முன்பே வசூல் தொய்கிறது. தள்ளுபடி ஆண்டில் ஒழுங்காகக் கட்டியவருக்கு அடுத்த பங்குத்தொகையிலோ கடன் வரிசையிலோ ஒரு முன்னுரிமை கொடுத்தால்கூடச் சங்கம் தன் நல்ல உறுப்பினரைக் காப்பாற்றிக்கொள்ளும்.

யார் கேட்பது

1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் ஆயுதங்களுக்குக் குறைவில்லை. 81ஆம் பிரிவு விசாரணை, 82ஆம் பிரிவு ஆய்வு, இழப்புக்குக் காரணமானவரிடமே அதை வசூலிக்கும் 87ஆம் பிரிவுத் தண்டத்தீர்வை, கடன் வழக்குக்கு 90ஆம் பிரிவு. இவற்றை எல்லாம் எடுப்பவர் துறை அலுவலர். உறுப்பினர் கையில் இருப்பது, எல்லா உறுப்பினரும் கூடும் பேரவையும் ஓட்டும்தான். 1996, 2007, 2013, 2018 ஆகிய ஆண்டுகளில் சங்க நிர்வாகக் குழுக்களுக்குத் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட காலங்களில் நெடுநாள், அரசு நியமித்த தனி அலுவலர் நிர்வாகம். 2018இல் வந்த குழுக்களின் காலம் 2023இல் முடிந்தபின் மறுபடியும் தனி அலுவலரே. பல சங்கங்களைக் கவனிக்கும் ஒருவருக்கு எந்த வயலில் எந்தப் பயிர் என்று தெரிய வழியில்லை.

சம்பளக்காரர்களின் பணியாளர் சிக்கன நாணயச் சங்கங்கள் இதற்கு நேர் எதிர். அங்கே மாதாமாதம் சிக்கனச் சேமிப்பு பிடிக்கப்படுகிறது, கடனுக்கு அதே அலுவலகத்து இருவர் ஜாமீன், தவணை சம்பளப் பட்டியலிலேயே கழிகிறது. புழங்குவது பெரும்பாலும் சொந்தப் பணம், அதனால் வாராக்கடன் குறைவு. அவர்களுக்கு ஆபத்து வேறு வழியாக வரும்: சம்பளத்தில் பிடித்த தொகையை நிறுவனம் சங்கத்துக்கு அனுப்பாமல் தன் செலவுக்குத் திருப்பிக்கொள்வது. ஒவ்வொரு மாதமும் பிடித்தம் எவ்வளவு, வந்து சேர்ந்தது எவ்வளவு என்று இரண்டு பத்தியில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டும் சங்கம் இதை மூன்றாம் மாதமே பிடித்துவிடும்.

பேரவைக்குப் போகும் உறுப்பினர் பார்க்க வேண்டியது

தணிக்கை அறிக்கை கூட்டுறவுத் தணிக்கைத் துறை தருவது. உறுப்பினர் கேட்டுப் பார்க்கலாம். முழுதும் படிக்க நேரமில்லை என்றால் இரண்டு இடங்களை ஒப்பிட்டால் போதும். மத்திய வங்கிக்குச் சங்கம் தர வேண்டியது எவ்வளவு, உறுப்பினர் சங்கத்துக்குத் தர வேண்டியது எவ்வளவு? முதலாவது பெரிதென்றால் பள்ளம் இருக்கிறது. போன ஆண்டு அறிக்கையை எடுத்து, அது அகலுகிறதா சுருங்குகிறதா என்று பாருங்கள். அடுத்து, உறுப்பினர் டெபாசிட் மொத்தம் எவ்வளவு, அதில் எவ்வளவு மத்திய வங்கியில் முதலீடாக இருக்கிறது? டெபாசிட் முழுவதும் கடனாகவோ செலவாகவோ போயிருந்தால், பத்துப் பேர் ஒரே வாரத்தில் கேட்டால் சங்கத்தால் கொடுக்க முடியாது.

டெபாசிட் போடுபவர் அறிய வேண்டிய ஒன்று அடிக்கடி விட்டுப்போகிறது. 2020 முதல் 5 லட்சம் ரூபாய் வரை இருக்கும் வைப்புக் காப்பீடு, மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கிக்கும் மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும் நகரக் கூட்டுறவு வங்கிக்கும் பொருந்தும். தொடக்க வேளாண்மைக் கடன் சங்கத்தில் நேராகப் போட்ட டெபாசிட்டுக்கு அது கிடையாது. சங்கத்துப் பலகையில் பழைய வழக்கத்தில் ‘வங்கி’ என்று எழுதியிருந்தாலும் கிடையாது. அரை சதவீதம் கூடுதல் வட்டிக்காக மகள் கல்யாணப் பணத்தைச் சங்கத்தில் போடும் முன், மேலே சொன்ன இரண்டு ஒப்பீட்டுக்கும் வேண்டிய எண்களைச் செயலாளரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒழுங்காக நடக்கும் சங்கத்தில் அந்தத் தாள் பத்து நிமிடத்தில் கிடைக்கும்.